30 நாளில் தானா அழிஞ்சிடும்னு நம்பினேன்

பழைய லாக் ஃபைல்களைக் கையால அழிச்சு அலுத்துப்போய், எஸ்3 பக்கெட்ல (அமேசானோட கிளவுட் சேமிப்புல ஃபைல் போட்டு வைக்கிற இடம்) ஒரு லைஃப்சைக்கிள் ரூல் போட்டேன். 30 நாள் தாண்டினா காலி. ரெண்டு நிமிஷ வேலை.

ரெண்டு மாசம் ஆச்சு. பட்டியல்ல பழைய ஃபைல் ஒண்ணும் இல்லை, பில் மட்டும் ஏறிக்கிட்டே போகுது!

தப்பு என்னோடதுதான். அந்த பக்கெட்ல வெர்ஷனிங், அதாவது ஃபைலோட பழைய பிரதிகளையும் சேர்த்து வைக்கிற வசதி, ஆன் பண்ணியிருந்ததை மறந்தே போனேன். அப்படி இருந்தா ரூல் ஃபைலை அழிக்காது. மேல 'அழிஞ்சாச்சு'ன்னு காட்டுற ஒரு டெலீட் மார்க்கரை ஒட்டிட்டுப் போயிடும். முழுப் பூசணிக்காயைச் சோத்துல மறைச்ச கதைதான். பழைய வெர்ஷன் உள்ளேயே உட்கார்ந்து காசு தின்னும். அதை அழிக்கணும்னா ரூல்ல அதுக்குன்னு தனியா சொல்லணும். பாதியில நின்ன மல்டிபார்ட் அப்லோடுக்கும் (பெரிய ஃபைலைத் துண்டு துண்டா ஏத்துறது) அப்படித் தனியாத்தான் சொல்லணும். அது வழக்கமான பட்டியல்ல கண்ணுக்கே தெரியாது, பில்லுக்கு மட்டும் தெரியும்.

அப்புறம், 30 நாள்னா அந்த நிமிஷமே போயிடாது. யூடிசி (உலகப் பொது நேரம்) கணக்குல அடுத்த நள்ளிரவு வரைக்கும் தள்ளிப் போகும், அதுக்கப்புறமும் மெதுவாத்தான் அழியும். நல்லவேளை, காலாவதி ஆனபிறகு வர்ற அந்தத் தாமதத்துக்குக் காசு கிடையாது.

ரூல் போடும்போது, எந்தப் பேர்ல தொடங்குற ஃபைலுக்குன்னு சொல்ற ப்ரிஃபிக்ஸ் பெட்டியைக் காலியா விட்டா மொத்த பக்கெட்டுக்கும் அது பாயும். நல்லவேளை, அதையாவது ஒழுங்கா நிரப்பியிருந்தேன்.