டேப்பட் இடைவெளி: டிராக்டர் நாட்குறிப்பிலிருந்து

ஜனவரி 8

எஞ்சின் ஓடிய நேரத்தைக் காட்டும் மணிமீட்டரில் 2,486 மணி. கடைசியாக டேப்பட் (வால்வுத் தண்டுக்கும் அதை அழுத்தித் திறக்கும் ராக்கர் என்ற நெம்புக்கும் நடுவே விடும் இடைவெளி) பார்த்தது மீட்டர் 1,990 மணி காட்டியபோது. கையேடு 500 மணிக்கு ஒரு முறை என்கிறது; நாளை மறுநாள் திறந்துவிட வேண்டியதுதான்.

எஞ்சினில் ஒரு குறையும் இல்லை. சாவியைத் திருப்பியதும் பிடிக்கிறது. புகை இல்லை, இழுவையும் குறையவில்லை. “நன்றாக ஓடுகிற எஞ்சினை எதற்கு அண்ணா கழற்றுகிறீர்கள்?” என்று பக்கத்து நிலத்துத் தம்பி கேட்டார். எஞ்சின் நன்றாக ஓடும்போதே பார்த்துவிட வேண்டும் என்பதற்காகத்தான் கையேட்டில் அந்தக் கணக்கையே போட்டிருக்கிறார்கள். 2,000 ஆர்.பி.எம்.மில், அதாவது நிமிடத்துக்கு 2,000 சுற்றில், ஒவ்வொரு வால்வும் இரண்டு சுற்றுக்கு ஒரு முறை என்று நிமிடத்துக்கு 1,000 முறை திறந்து மூடுகிறது. ஒரு மணிக்கு 60,000 முறை. 500 மணி என்றால் 3 கோடி. இத்தனை முறை இரும்போடு இரும்பு மோதிய பிறகும் இடைவெளி வைத்தபடியே இருக்கும் என்று நம்புவதற்கு எனக்குத் துணிச்சல் போதாது.

500 என்பது எல்லா எஞ்சினுக்கும் பொதுவான எண் அல்ல. 1,000 மணி என்று எழுதிய கையேடுகள் உண்டு, 2,000 என்று எழுதியவையும் உண்டு. மீட்டரையும் கொஞ்சம் சந்தேகத்தோடு பார்க்க வேண்டும். கேபிளில் ஓடும் பழைய மீட்டர் குறிப்பிட்ட எஞ்சின் வேகத்தில்தான் ஒரு மணியை ஒரு மணியாகக் காட்டும். சுமையில்லாமல் ஐடிலில் மெதுவாக ஓடிக்கொண்டு நின்றால் மெல்லத்தான் நகரும். மின்சார மீட்டருக்கு வேகம் பொருட்டல்ல.

ஜனவரி 9

கலப்பையைக் கழற்றி, எஞ்சின் மேல்பகுதியைக் கழுவித் துடைத்தேன். டேப்பட் கவரைச் சுற்றிப் படிந்திருக்கும் மண் திறக்கிற நேரத்தில் உள்ளே விழுந்தால், நேராக எண்ணெயில் கலந்து பேரிங்குக்குப் போய்ச் சேரும். அதற்குத் திறக்காமலே இருக்கலாம்.

எங்கள் கையேடு குளிர்ந்த எஞ்சினுக்கு 0.30 மி.மீ. என்று கொடுத்திருக்கிறது, காற்றை உள்ளே விடும் இன்லெட், புகையை வெளியே விடும் எக்ஸாஸ்ட் என்ற இரண்டு வகை வால்வுக்கும். குளிர்ந்தது என்றால் இரவு முழுக்க ஓடாமல் நின்றது என்று பொருள். அணைத்து ஒரு மணி நேரம் ஆன எஞ்சின் கணக்கில் வராது. பெர்கின்ஸ் ஏ.டி.3.152 எஞ்சினுக்குக் குளிர்நிலையில் 0.30, சூட்டில் 0.25. ஜான் டீர் 4045-க்கு இன்லெட் 0.35, எக்ஸாஸ்ட் 0.45. எஞ்சினுக்கு எஞ்சின் கணக்கு இப்படி மாறும்போது “எல்லா டீசலுக்கும் பன்னிரண்டு வைத்தால் போதும்” (அங்குலத்தில் ஆயிரத்தில் பன்னிரண்டு பங்கு, ஏறக்குறைய 0.30 மி.மீ.) என்று சொல்பவரிடம் நான் வண்டியை விடுவதில்லை.

ஜனவரி 10

காலையிலேயே தொடங்கிவிட்டேன். பேட்டரி இணைப்பைக் கழற்றி, கியரை நியூட்ரலில் போட்டு, கை பிரேக்கை இழுத்து, ஸ்டாப் நாபையும் இழுத்து வைத்தேன். கவரைத் தூக்கியதும் முதலில் பார்த்தது எண்ணெயைத்தான். ராக்கர்களைத் தாங்கும் ராக்கர் ஷாஃப்ட் நெடுகிலும் ஈரம் இருந்தது. ஏதாவது ஒரு ராக்கர் மட்டும் காய்ந்து நீலம் பாரித்திருந்தால், டேப்பட்டை விட்டுவிட்டு எண்ணெய் வரும் வழியைத்தான் தேட வேண்டியிருக்கும்.

நான்கு சிலிண்டர், பயரிங் ஆர்டர் (சிலிண்டர்கள் எரியும் வரிசை) 1-3-4-2. கிராங்க் புல்லி நட்டில் ஸ்பேனரைப் போட்டு, எஞ்சின் ஓடும் திசையிலேயே மெல்லத் திருப்பினேன். நான்காவது சிலிண்டரில் எக்ஸாஸ்ட் மூடி முடிக்க, இன்லெட் திறக்கத் தொடங்க, இரண்டு ராக்கரும் மாறிமாறி லேசாக அசையும் ஓர் இடம் வரும். அப்போது முதல் சிலிண்டரின் பிஸ்டன் கம்ப்ரஷன் (காற்றை அழுத்துவது) முடிந்து உச்சியில் நிற்கும். அதன் இரு வால்வுகளும் முழுவதும் மூடியிருக்கும். அதை அளக்கலாம். இரண்டு அசையும்போது மூன்று, ஒன்று அசையும்போது நான்கு, மூன்று அசையும்போது இரண்டு. ஃப்ளைவீல் குறியைத் தேடித் துருவைச் சுரண்ட வேண்டியதில்லை.

எதையும் திருகுவதற்கு முன் எட்டு வால்வையும் அளந்து எழுதிவிடுவது என் பழக்கம். மெக்கானிக்குகள் பலர் அளப்பதும் திருகுவதும் ஒரே மூச்சில் முடித்துவிடுகிறார்கள். எல்லாம் 0.30-க்கு வந்துவிடும், உண்மைதான். ஆனால் எந்த வால்வு எவ்வளவு நகர்ந்திருந்தது என்ற செய்தி அந்த நொடியோடு அழிந்துபோகும். எனக்கு அந்தச் செய்திதான் வேண்டும். 1,990 மணியில் எட்டும் 0.30.

இன்றைய அளவு, முன்பக்கத்திலிருந்து: இன்லெட் 0.30, 0.30, 0.30, 0.35. எக்ஸாஸ்ட் 0.35, 0.30, 0.15, 0.35.

மூன்றாவது எக்ஸாஸ்டில் 0.20 மி.மீ. ஃபீலர் தகடு (இடைவெளி அளக்கும் மெல்லிய தகடு) முனைகூட நுழையவில்லை. 0.15 உரசிக்கொண்டு போனது.

முதல் எக்ஸாஸ்டில் வேறு கதை. ராக்கர் முனையை டார்ச் வெளிச்சத்தில் பார்த்தால், வால்வு தண்டு அடிக்கும் இடத்தில் சிறு குழி. தட்டையான ஃபீலர் தகடு அந்தக் குழியின் இரு கரையிலும் படிந்து நிற்கும். தண்டோ குழிக்குள் இறங்கும். தகடு 0.35 என்று சொன்னாலும் உள்ளே இருக்கும் இடைவெளி அதைவிடக் கூடுதல்.

சரிசெய்யும் முறை எளிதானதுதான்: லாக் நட்டைத் தளர்த்தி, ஸ்குரூவைத் திருகி, தகடு லேசான பிடிப்போடு நழுவும்படி வைத்து, ஸ்குரூவை அசையாமல் பிடித்துக்கொண்டே நட்டை இறுக்க வேண்டும். இறுக்கும்போது ஸ்குரூ ஒரு மயிரிழை கூடவே சுற்றும். அதனால் இறுக்கிய பிறகு மறுபடி அளக்காதவன் அளக்காதவனுக்குச் சமம். எட்டும் முடிந்ததும் எஞ்சினை இரண்டு முழுச் சுற்று திருப்பி, முதலிலிருந்து ஒரு முறை சரிபார்த்தேன். புது கேஸ்கட் வைத்துக் கவரை மூடினேன்.

ஜனவரி 11

மூன்றாவது எக்ஸாஸ்ட் மனதை விட்டுப் போகவில்லை.

இடைவெளி கூடினால் காரணம் ராக்கர் முனையிலோ, ராக்கரைத் தள்ளும் புஷ் ராடு நுனியிலோ, அதைத் தூக்கும் கேமிலோ தேய்மானம். அது சத்தம் போட்டுச் சொல்லிவிடும். 700 ஆர்.பி.எம். ஐடிலில் ஒரு வால்வு விநாடிக்கு ஏறக்குறைய ஆறு முறை டிக் டிக் என்று தட்டும். வால்வு தாமதமாகத் திறந்து முன்னதாக மூடும், இழுவை சற்றுக் குறையும். அவ்வளவுதான், வண்டி வீடு வந்து சேரும்.

இடைவெளி குறைவது அப்படி அல்ல. வால்வு முகமும் அது உட்காரும் சீட்டும் தேய, வால்வு ஹெட்டுக்குள் ஏறுகிறது. தண்டின் நுனி ராக்கரை நெருங்குகிறது. சத்தம் குறைகிறது! ஓட்டுபவர் எஞ்சின் மிருதுவாகிவிட்டது என்று மகிழ்வார். எக்ஸாஸ்ட் வால்வு தன் சூட்டில் பெரும்பகுதியை, மூடியிருக்கும் நேரத்தில் சீட்டின் வழியாகத்தான் இறக்குகிறது. இடைவெளி முழுவதும் போய்விட்டால் வால்வு சீட்டில் முழுதாக உட்காராது. சூடு இறங்க வழியில்லை, கசியும் இடுக்கில் எரிந்த வாயு பீறிடும், விளிம்பு கருகும். காலையில் ஸ்டார்ட் ஆக அடம்பிடிப்பது, ஒரு சிலிண்டர் மட்டும் வெள்ளைப் புகை தள்ளுவது, ஐடில் தடுமாறுவது எல்லாம் அதற்குப் பிறகு வருபவை. அவை வரும் வரை காத்திருப்பவர் ஹெட்டை இறக்குவதற்காகக் காத்திருக்கிறார்.

இன்லெட் வால்வு உட்காராவிட்டால் ஏர் கிளீனர் பக்கம் புஸ் புஸ் என்று மூச்சு திரும்பி வரும். எங்கள் வண்டியில் இல்லை.

ஜனவரி 13

ஓட்டிப் பார்த்தாயிற்று. கவரில் கசிவு இல்லை. முதல் சிலிண்டரில் மட்டும் மெல்லிய டிக் சத்தம் மிச்சம் இருக்கிறது. அந்தக் குழியின் வேலை. அதை அடக்குவதற்காக இன்னும் கொஞ்சம் இறுக்கிவிடும் ஆசை யாருக்கும் வரும். வரட்டும், ராக்கரை மாற்றும் வரை தட்டட்டும்.

பிப்ரவரி 2

பக்கத்து நிலத்துத் தம்பியின் வண்டி போன மாதம் சூடேறி, ஹெட் கேஸ்கட் மாற்றினார்கள். 50 மணி ஓடியிருக்கிறது. “டேப்பட் அப்போதே வைத்துக் கொடுத்துவிட்டார்கள் அண்ணா” என்றார். வைத்திருப்பார்கள், ஆனால் அந்த 50 மணியில் புது கேஸ்கட் அமுங்கியிருக்கும். ஹெட் ஒரு மயிரிழை கீழே இறங்கும், அதோடு ராக்கர் ஷாஃப்டும் இறங்கும், புஷ் ராடின் நீளமோ மாறாது. ஆகவே இடைவெளி சுருங்கும். அவர் கையேடு ஹெட் போல்ட்டை மறுபடி டார்க் பிடிக்கச் (குறித்த அளவுக்கு இறுக்கச்) சொல்கிறது. (சிலவகை கேஸ்கட்டுக்கு அது கூடவே கூடாது.) டார்க் முதலில், டேப்பட் பிறகு, மாற்றிச் செய்தால் இரண்டாவது வேலை வீண். திறந்து பார்த்தபோது எட்டில் ஒன்றுகூட 0.25-ஐத் தாண்டவில்லை.

இனி அவருக்கு 500 மணிதான். புது எஞ்சினுக்கும், ரீபோர் செய்த (சிலிண்டரைக் கடைந்து புதுப்பித்த) எஞ்சினுக்கும் இதே போல முதல் முறை மட்டும் சீக்கிரம் பார்க்கச் சொல்லும் கையேடுகள் பல. மற்றபடி மணிக்கணக்கை மீறித் திறக்க வேண்டியது எஞ்சின் சூடேறினால், ஹெட்டைத் தொட்டால், அல்லது சத்தம் திடீரென்று மாறினால். கூடினாலும் சரி, குறைந்தாலும் சரி.

பிப்ரவரி 19

நெடுநாள் ஓடாமல் நின்ற டிராக்டர் ஒன்றைப் பார்த்துத் தரச் சொன்னார்கள். செல்ஃப் அடிப்பதற்கு முன் கவரைத் திறக்கச் சொன்னேன். துருவேறி வால்வு, அது ஏறி இறங்கும் குழலான கைடில் ஒட்டியிருந்தால், கேம் தள்ளும் புஷ் ராடு வளைந்துபோகும். ஒவ்வொரு ராக்கரையும் அழுத்தி வால்வு இறங்கி ஏறுகிறதா என்று பார்த்தோம். ஒன்று இறங்கவில்லை. டீசல் ஊற்றி ஊற வைத்திருக்கிறோம்.

ஏப்ரல் 6

மணிமீட்டர் 2,612. அடுத்த 500-க்கு இன்னும் நாள் இருக்கிறது, ஆனாலும் மூன்றாவது எக்ஸாஸ்டை மட்டும் பார்க்கக் கவரைத் திறந்தேன். குளிர்ந்த எஞ்சின், இரண்டாவது சிலிண்டர் அசையும் நிலை, அதே தகடுகள்.

0.30 நுழையவில்லை. 0.25-உம் நுழையவில்லை. 0.20 போனது.

முன்பு ஏறக்குறைய 500 மணியில் 0.15 போன வால்வு, இப்போது 126 மணியில் 0.10 போயிருக்கிறது. ஒப்பிட்டுப் பார்க்க இரண்டாவது எக்ஸாஸ்டையும் அளந்தேன், 0.30 அசையவே இல்லை. ஆகவே இது எஞ்சின் முழுவதுக்குமான தேய்மானம் அல்ல. இந்த ஒரு சீட் வேகமாக உள்வாங்குகிறது.

மறுபடி 0.30 வைத்துவிட்டேன். இது தீர்வு ஆகாது. அறுவடை முடியும் வரை ஓட்டுவதற்கான தவணை மட்டுமே. நூறு மணிக்குள் மறுபடி திறப்பேன். மெக்கானிக் அண்ணனிடம் மூன்று அளவுகளையும் தேதியோடு காட்டினேன். தாளைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். “முதலில் மூன்றாவது இன்ஜெக்டரைக் கழற்றிக் கொண்டு வாருங்கள், சொட்டுகிறதா பார்ப்போம். அங்கே கம்ப்ரஷனும் அளந்துவிடலாம். ஹெட் இறக்கினால் சீட் மாற்ற வேண்டியிருக்கும், வால்வும் அந்த ஒன்றுக்குப் புதிது” என்றார்.

டீசலைப் பீய்ச்சும் அந்த இன்ஜெக்டரை நாளை கழற்றுகிறேன்.