இடது ஓரம்

நவம்பர் 4, திங்கள்
சிக்குக் கோலம், நேர்ப்புள்ளி 5க்கு 5. ஏ3 தாளைக் குறுக்காகப் போட்டு 7 செ.மீ. இடைவெளியில் புள்ளி நான் வைத்தேன், இழை பாட்டி இழுத்தார். வலப்பக்கச் சிக்கு ஒரு வளைவும் பிசகவில்லை. இடப்பக்கம் இரண்டு வரிசை அப்படியே கிடக்கிறது. "முடிஞ்சிருச்சும்மா" என்கிறார். வலது மூளையில் பக்கவாதம் வந்தவர்களுக்கு இப்படி ஆவதுண்டு. கண்ணில் பழுதில்லை, இடப்பக்கம் கவனத்துக்கே வருவதில்லை. மீதியை நான் போட்டுக்கொடுக்கக் கூடாது.

நவம்பர் 5
மழை. பாட்டியை இங்கிருந்து எப்போது மாற்றுவார்கள் என்று இன்னும் சொல்லவில்லை.

நவம்பர் 6
தாள் நழுவுகிறது. வலக்கை திடமாக வரைகிறது, தாளை அழுத்திப் பிடிக்க இடக்கைதான் வரவில்லை. நான்கு மூலைக்கும் மாஸ்கிங் டேப். ஒட்டும் முன் டேப்பைத் துணியில் ஒருமுறை ஒற்றி எடுத்தால் உரிக்கும்போது தாள் கிழியாது. இடக்கையைத் தாளின் மேலேயே வைத்துவிட்டேன். கை அங்கே இருக்கட்டும், அதுவும் வேலையில் சேர்ந்ததுதான்.

நவம்பர் 7
இடது ஓரத்தில் சிவப்பு டேப் ஒட்டி, "சிவப்பைத் தேடிட்டு ஆரம்பிங்க பாட்டி" என்றேன். தேடவே இல்லை. என் அவசரம். பார்வை எட்டாத இடத்தில் அடையாளம் வைத்து என்ன பயன்?

நவம்பர் 8
டேப் ஓரத்திலிருந்து 18 செ.மீ. தள்ளி. கண்டுபிடித்தார்.

நவம்பர் 11
15 செ.மீ. கோலத்தைச் சுற்றி ஆயில் பேஸ்டலில் கறுப்பு, அழுத்தி அழுத்தி. "மனசு சரியில்லையா?" என்று பக்கத்தில் இருந்தவர்கள் கேட்டுவிட்டார்கள். கறுப்பென்றால் சோகம் என்று யார் எழுதி வைத்தது! நிறத்துக்கு அகராதி கிடையாது. "எந்த இடத்தைப் பாத்துக்கிட்டே இருக்கத் தோணுது?" என்றுதான் கேட்டேன். கறுப்பைத் தொட்டார். சிங்கப்பூர் செம்பவாங் கடற்படைத் தளக் குடியிருப்பின் வாசல் தார் ரோடாம். விடியுமுன் தண்ணீர் தெளித்தால் பளபளக்குமாம். ஒரு மணி நேரம் பேசினார். வந்த நாளிலிருந்து இவ்வளவு பேசியதில்லை.

நவம்பர் 12
12 செ.மீ. இடமிருந்து இரண்டாம் வரிசைப் புள்ளிகளைச் சுற்றி இழை வந்துவிட்டது! ஐந்தும். நான்காவதில் கை நின்றது, தலை மெல்லத் திரும்பியது, பிறகு வளைத்தார்.

வாசல் படம் கெட்டுவிட்டது. ஆயில் பேஸ்டல் முழுதாகக் காயவே காயாது. மேலே இன்னொரு தாளை அடுக்கினேன், கறுப்பு அதில் ஏறிவிட்டது. இடையில் கேக் சுடும்போது விரிக்கும் ஒட்டாத தாள் வைத்திருக்க வேண்டும். பாட்டியிடம் சொல்லி மன்னிப்புக் கேட்டேன். ஒன்றும் சொல்லாமல் இன்னொரு தாள் கேட்டார்.

நவம்பர் 13
9 செ.மீ. தவறவிட்டார். திரும்ப 12.

நவம்பர் 14
நாளை காலை மாற்றுகிறார்களாம். அங்குள்ளவர்களுக்குக் குறிப்பு: டேப் 12இல் இருக்கிறது. தினமும் நகர்த்தாதீர்கள். சொல்லாமலே அவர் கை சிவப்பைத் தொட்ட பிறகு 1 செ.மீ. போதும். புள்ளி மட்டும் வையுங்கள். இடது ஓர வரிசையை யாரும்