லேசர் சுவரில் திரும்பும் அணு: நகர்வை எங்கிருந்து அளப்பது?

தஞ்சாவூர், கும்பகோணம் பக்கம் எம்.எஸ்சி. ப்ராஜெக்டுக்குக் குளிர் அணுக்களை (லேசரால் மிகக் குறைந்த வெப்பநிலைக்குக் குளிர்வித்தவை) எடுக்கும் பிள்ளைகளுக்குக் கணினிதான் ஆய்வகம். வெற்றிடக் கலமும் லேசர் மேசையும் கல்லூரி பட்ஜெட்டில் அடங்காது. பரவாயில்லை, இந்த விஷயத்தில் தப்பு நடக்கும் இடங்களில் பாதி கணக்கிலேயே இருக்கின்றன.

ரூபிடியம்-87 அணுவுக்கு 780 நானோமீட்டரில் ஒரு உட்கவர் கோடு உண்டு, அதாவது அந்த அலைநீள ஒளியை அது விழுங்கும். அதைவிடக் குறைந்த அலைநீளம், உதாரணமாக 532 நானோமீட்டர் பச்சை லேசர், அணுவைத் தள்ளும்; அணுவுக்கு அது ஒரு சுவர், ஒரு தடை. சாய்வாக வரும் அணு அலை அதில் திரும்பும்போது, பட்ட இடத்திலிருந்து சுவரோடு சற்றுத் தள்ளிக் கிளம்புகிறது. இதுதான் நகர்வு. ஒளியில் இதை 1947-ல் கூஸும் ஹென்ஷனும் அளந்தார்கள். அடுத்த ஆண்டே ஆர்ட்மன் சூத்திரம் கொடுத்தார்: திரும்பும் அலையின் கட்டத்தை (phase, அலை தன் சுழற்சியில் எங்கே இருக்கிறது என்பது) சுவரை ஒட்டிய திசையின் அலை எண்ணால் (wave number) வகையிட்டுக் குறியை மாற்றினால் நகர்வு.

எண்களைப் போட்டுப் பார்ப்போம். சுவரை நோக்கிய வேகம் விநாடிக்கு 1 செ.மீ., அந்த ஆற்றலை வெப்பநிலை அலகில் சொன்னால் சுமார் 0.52 மைக்ரோகெல்வின். தடையின் உயரம், அதாவது அதைத் தாண்டத் தேவையான ஆற்றல், அதற்கு இரண்டு மடங்கு, படுகோணம் 45 பாகை. செங்குத்தான படி போன்ற தடைக்கு நகர்வு 0.15 மைக்ரான் வரும். அவ்வளவுதான்.

ஆனால் "சார், 2 மைக்ரான் வந்திருக்கு" என்று வரைபடத்தோடு வருவார்கள். முதலில் பார்க்க வேண்டியது, கட்டத்தை எந்தத் தளத்திலிருந்து எண்ணியிருக்கிறார்கள் என்பது. அந்தத் தளம் 1 மைக்ரான் தள்ளிப் போனால், 45 பாகையில் 2 மைக்ரான் பொய் நகர்வு தானாகவே சேரும். அது சரியாக இருந்தும் வரைபடத்தில் ஊசி போல ஒரு முனை நின்றால், கட்டம் 2π தாவிய (ஒரு முழுச் சுற்று முடிந்து எண் திடீரென மாறிய) இடத்தை அப்படியே வகையிட்டிருப்பார்கள். தாவலைச் சமன்செய்த பிறகே வகையிட வேண்டும்.

உண்மையான லேசர் விளிம்பு படி அல்ல, காஸியன் மேடு, அதாவது மணி வடிவில் மெல்ல ஏறுவது. அதன் ஆரம் 10 மைக்ரான் என்றால், அணு ஏறி, வேகம் குறைந்து, திரும்புவதற்குள் பக்கவாட்டில் ஓடிவிடுகிறது. திரும்பும் புள்ளியில் கடினமான கண்ணாடி இருந்ததாக வைத்து ஒப்பிட்டால் இதுவே கிட்டத்தட்ட 10 மைக்ரான். நியூட்டன் விதிக்கே இது கிடைக்கும், அலை வேண்டியதில்லை. இதைக் கழிக்காமல் "குவாண்டம் நகர்வு" என்று தலைப்பு போடுவது என் பார்வையில் ஏமாற்று. கழித்த பிறகு மிஞ்சுவது பெரும்பாலும் மிகச் சிறியது.

தடை ஒரே திசையில் மட்டும் மாறினால் இரு பரிமாணக் கணக்கே வேண்டாம். அலைச் சமன்பாட்டைப் படிப்படியாகத் தீர்க்கும் நியூமரோவ் முறையில் ஒரு பரிமாணத்தில் கட்டத்தை எடுத்தால் சில விநாடிகளில் முடியும். இரு பரிமாணத்தில் 2048-க்கு 2048 கிரிட், 0.04 மைக்ரான் இடைவெளி, 1 மைக்ரோவிநாடிப் படி என்று ஃபூரியர் முறையில் ஓட்டினால் சாதாரண கணினியில் ஒரு மணி நேரம் போலாகும். மதியக் கரண்ட் கட்டுக்கு யுபிஎஸ் தாங்காது, 500 படிக்கு ஒருமுறை கோப்பில் சேமிக்கச் சொல்ல வேண்டும். லேசர் கற்றை நீளவாக்கில் வளைந்திருந்தால்தான் இந்தப் பாடு.

அணுவின் ஆற்றல், தடையின் உச்சியை நெருங்கும்போது ஆர்ட்மன் சூத்திரம் முடிவிலியை நோக்கிப் போகும். அங்கே அதை நம்பக் கூடாது. அணுவைக் குறிக்கும் அலைத் தொகுப்பான அலைப்பொதியின் வேகமான பகுதி தடையைத் தாண்டிப் போய்விடும், மெதுவான பகுதி மட்டும் திரும்பும். அதனால் மையம் நகர்ந்ததாகத் தெரியும்.

ஈர்ப்பையும் மறந்துவிடுவார்கள். 10 மில்லிவிநாடியில் அணு அரை மில்லிமீட்டர் விழுந்து, விநாடிக்கு 10 செ.மீ. வேகம் பெற்றுவிடும். ஆகவே எல்லாம் கிடைமட்டத் தளத்தில் நடப்பதாகவும், கீழே இன்னொரு லேசர் தாங்குவதாகவும் அறிக்கையின் முதல் பக்கத்திலேயே எழுதிவிட வேண்டும். வைவாவில் வெளித்தேர்வாளர் அதைத்தான் முதலில் கேட்பார்.