ரே யாரோட பேத்தி?

ஏற்காடு பஸ், பன்னிரண்டாவது கொண்டை ஊசி வளைவு. முன் சீட்டில் ஒரு தம்பி பக்கத்தில் இருந்தவனிடம்: "டேய், ரே ஒபி-வானோட பேத்திதான்டா!"

'ஸ்டார் வார்ஸ்' படங்களின் நாயகி ரே யாருடைய வாரிசு, பழைய படங்களில் வரும் ஒபி-வான் என்ற ஜெடாய் வீரருடைய பேத்தியா என்று 2015இல் கிளம்பிய வாதம். இன்னும் உயிரோடு இருக்கிறது!

அவன் சும்மா சொல்லவில்லை. 'தி ஃபோர்ஸ் அவேக்கன்ஸ்' படத்தில் ரே லைட்சேபர் என்ற ஒளிவாளைத் தொட்டதும் ஒரு குரல் அவள் பெயரைச் சொல்லிக் கூப்பிடும். அலெக் கின்னஸ் பழைய படத்தில் பேசிய 'அஃப்ரெய்ட்' என்ற சொல்லை வெட்டி, நடுவிலிருந்த 'ரே'யை மட்டும் எடுத்துக்கொண்டார்கள். அடுத்து வரும் வரி இவான் மெக்ரெகர் குரல். இரண்டு பேருமே ஒபி-வானாக நடித்தவர்கள்.

பிறகு சந்தேகம் வராமல் என்ன செய்யும்?

பழைய படங்களின் நாயகன் லூக்கின் மகள் என்றவர்களிடம் இருந்தது, இருவருக்கும் பொதுவான பாலைவனக் கிரகமும் விமானம் ஓட்டும் திறமையும்தான். மெலிந்த ஆதாரம்.

2017இல் வந்த படத்தில் வில்லன் கைலோ ரென் அவளுடைய அப்பா அம்மாவைப் பற்றி, 'குடிக்காக உன்னை விற்ற பழைய சாமான் வியாபாரிகள்' என்றான். என் மனசுக்கு நெருக்கமான பதில் அதுதான். யாருடைய வாரிசாகவும் இல்லாமல் ஒருத்தி ஜெடாய் ஆகலாம் என்றது அது.

2019இல் வந்த படத்தில் பழைய படங்களின் கொடிய பேரரசன் பால்படீனின் பேத்தி என்றார்கள். அவள் அப்பா குளோனிங் வழி வந்தவர் என்பதைப் படம் சொல்லவில்லை, அதன் நாவல் வடிவம்தான் சொன்னது.

ஒண்டிக்கடையில் இறங்கும்போதும் தம்பி ஒபி-வானை விடவில்லை.