தம்பி என்று வந்தவர்

எங்கள் தவறணைக்கு, அதாவது செடி நாற்றுப் பண்ணைக்கு, வந்த ஒரு பெரியவர் உரப்பையைத் திறந்து காட்டியதும் நான் கேட்ட முதல் கேள்வி, "எவ்வளவு எதிர்பார்க்கிறீங்க?" என்பதுதான். நாலு வருடமாகிவிட்டது. அந்தக் கேள்வி இன்னும் என்னை விடவில்லை.

பைக்குள் பாசி படிந்த ஒரு கொப்பு. அதை இறுகப் பற்றியபடி ஒரு காட்டு ஓர்க்கிட். முட்டை வடிவக் குமிழ்கள், ஒவ்வொன்றின் உச்சியிலும் இரண்டு இலை. பூ இல்லாவிட்டாலும் சீலொஜினி ஒடொரடிஸ்ஸிமா என்றே பட்டது. வெள்ளைப் பூ, நடுவில் மஞ்சள், நல்ல வாசம். வாடிய பூந்தண்டில் பச்சையாக ஒரு காய் நின்றது. இவ்வளவும் ஒரே பார்வையில் என் கண்ணில் பட்டது. கொண்டுவந்தவரின் முகம்தான் சரியாக நினைவில்லை.

"காசுக்கு இல்ல தம்பி. ஆடிக் காத்துல மரம் விழுந்துருச்சு. கீழ கெடந்து அழுகிப் போகுமேன்னு எடுத்துட்டு வந்தேன்."

என் பக்கத்தையும் சொல்ல வேண்டும். மலைப்பாதை ஓரங்களில் காட்டு ஓர்க்கிட்டைக் கட்டுக்கட்டாக விற்பதைப் பார்த்து வயிறு எரிந்தவன் நான். கேட்டால் எல்லோரும் சொல்வது அதேதான்: மரம் விழுந்தது. ஒருவரிடம் வாங்கினால் அடுத்த வாரம் பத்துப் பேர் வருவார்கள். அதற்காகவே மரம் ஏறுவார்கள். அனுமதி இல்லாமல் காட்டுச் செடியை எடுத்துவருவதும் சட்டப்படி சரியில்லை. 1937ஆம் ஆண்டிலிருந்தே தாவரப் பாதுகாப்புக்குக் கட்டளைச் சட்டம் இருக்கிற நாடு இந்த இலங்கை. ஆகவே சொன்னேன்: "எடுத்த இடத்திலேயே வச்சிருங்க ஐயா."

"சரிங்க சேர்," என்றார்.

தம்பி என்று வந்தவர், சேர் என்று சொல்லிவிட்டுப் போனார். நானும் லயத்தில், தோட்டத் தொழிலாளர் வரிசை வீட்டில், பிறந்தவன்தான். அந்த 'சேர்' எங்கள் வீட்டுப் பெரியவர்கள் யாரைப் பார்த்து, எப்போது சொல்வார்கள் என்று எனக்குத் தெரியும்.

விதியை விடுங்கள், செடியைப் பற்றி மட்டும் பேசினாலும் நான் சொன்னது தப்பு. மரத்தில் தொற்றி வாழும் ஓர்க்கிட்டின் வேரைச் சுற்றிப் பஞ்சு மாதிரி ஓர் உறை இருக்கிறது. மழை பெய்ததும் தண்ணீரை உறிஞ்சும், அப்புறம் காற்றில் காயும். அப்படிக் காய்வது அதற்கு வேண்டும். ஈரத் தரையில் போட்டால் வேர் அழுகும், மிச்சத்தை நத்தை தின்னும். எடுத்த இடம் என்பது விழுந்த இடம். அங்கே வை என்றால் சாக விடு என்றுதான் அர்த்தம். நிற்கிற மரம் ஒன்றில் துணியால் கட்டிவிடுங்கள் என்று சொல்லியிருக்கலாம். அதற்கு நான் செடியை வாங்க வேண்டியதும் இருந்திருக்காது.

அந்தக் காயும் அடிக்கடி நினைவுக்கு வரும். ஒரு காய்க்குள் தூசி போல ஆயிரக்கணக்கான விதைகள் இருக்கும். விதைக்குள் சேமித்த உணவு கிடையாது. காட்டில் உரிய பூஞ்சை சேர்ந்தால்தான் முளைக்கும், அதனால் பெரும்பாலானவை வீண். ஆனால் பூஞ்சை இல்லாமலே சீனி கலந்த அகாரில், அதாவது கடற்பாசிக் கூழில், முளைக்க வைக்கலாம் என்பதை அமெரிக்கத் தாவரவியலாளர் லூயிஸ் நட்சன் 1922இலேயே காட்டிவிட்டார். அந்த ஒரு காயிலிருந்து போத்தல் போத்தலாக நாற்று எடுத்துக் காட்டுக்கே திருப்பிக் கொடுத்திருக்கலாம். இந்த வேலைக்கென்றுதானே எங்களைப் போன்றவர்கள் இருக்கிறோம்.

இங்கே மலைநாட்டு ஹக்கலையில் 1861இல் தாவரவியல் பூங்கா தொடங்கியதே, மலேரியா மருந்து தரும் சின்கோனா மரத்தை வளர்க்கத்தான். அந்த மரம் அண்டிஸ் மலைக்காரர்களுடையது. அங்கிருந்து விதையை எடுத்துவந்தவர்கள் அவர்களிடம் கேட்டுக்கொண்டா எடுத்தார்கள்? பக்கத்துக் காட்டில் விழுந்ததைச் சுமந்துவந்தவரிடம் மட்டும் அனுமதி இருக்கிறதா என்று நான் பார்த்திருக்கிறேன். இப்படி யோசிக்கும்போதே, இந்த நியாயத்தைச் சாலையோர வியாபாரியும் சொல்வானே என்று தோன்றும். அவன் சொன்னால் ஏற்பேனா? மாட்டேன்.

நாளைக்கு இன்னொருவர் பையோடு வந்தாலும் வாங்கமாட்டேன் என்றுதான் நினைக்கிறேன். ஒரு நாள் விட்டு ஒரு நாள் இந்த முடிவு மாறுகிறது.

தவறணைக்கு வரும் ஒவ்வொரு செடிக்கும் பதிவேட்டில் ஒரு வரி எழுதுவோம். எந்த இடம், என்ன உயரம், எந்த மரத்தில், எந்தப் பக்கத்துக் கொப்பில், கொண்டுவந்தவர் யார். அத்தனைக்கும் அவரிடம் பதில் இருந்திருக்கும். நான் பெயரைக்கூடக் கேட்கவில்லை.