சுவரொட்டி தின்னும் ஆடு, டேப்போடு திரியும் தாத்தா: சிறுவர் வேடிக்கைக் கதை எழுத சில கணக்குகள்

‘ஆட்டைக் காணவில்லை’ என்று தெரு முழுக்கச் சுவரொட்டி ஒட்டுகிறார்கள். விடிந்து பார்த்தால் ‘காணவில்லை’ என்ற தலைப்பு மட்டும் மிச்சம். கீழே இருந்த ஆட்டின் படமும் போன் நம்பரும் போயே போச்சு. தின்றது அதே ஆடு. ஏழிலிருந்து பத்து வயதுப் பிள்ளைகளுக்கு அத்தியாயம் பிரித்து எழுதும் வேடிக்கைக் கதைக்கு இந்த ஒரு முடிச்சு தாராளம். சுவரொட்டிக்குப் பின்னால் தடவுவது மைதாப் பசை. ஆட்டுக்கும் மாட்டுக்கும் அது பலகாரம். தெருவில் நடப்பதைச் சரியாகக் கவனித்து எழுதினாலே சிரிப்பு வந்துவிடும். ஆட்டுக்கு மூக்குக்கண்ணாடி மாட்டிவிட வேண்டியதில்லை.

ஆடு என்றால் கண்டதையும் தின்னும் என்று தகர டப்பா, சைக்கிள் மணி எல்லாவற்றையும் அதன் வாயில் திணிக்கிறவர்கள் கோட்டைவிடுவது இங்கேதான். ஆடு எதையும் உதட்டால் தொட்டுப் பார்க்கும், பிடித்தால்தான் தின்னும். மேல்வரிசையில் அதற்கு முன்பற்கள் கிடையாது. ஆகவே சுத்தமாக வெட்டாது, இழுத்துக் கிழிக்கும். உயரத்தில் இருப்பதை எட்ட, முன்னங்கால்களைச் சுவரில் ஊன்றிப் பின்னங்காலில் நிற்கும். இவ்வளவு தெரிந்தால் துப்பு தானாகக் கையில் வந்து விழுகிறது. எல்லாச் சுவரிலும் கிழிசல் ஏறக்குறைய ஒரே உயரத்தில் நிற்கிறது, ஓரம் பிசிறு பிசிறாக இருக்கிறது, கீழே நாலு புழுக்கை. (புழுக்கை என்ற சொல்லைப் படித்ததுமே பாதிப் பிள்ளைகள் சிரிப்பார்கள். அதை ஒரு முறைக்கு மேல் செலவழிக்காதீர்கள்.)

இனி பக்கத்து வீட்டுக்காரர். ஓய்வுபெற்ற சர்வேயர் தாத்தா ஒருவரை வைத்துக்கொள்வோம். சட்டைப்பையில் எப்போதும் அளவு டேப். வேலைக்காலம் முழுக்க அடுத்தவர் நிலத்தை அளந்தவர், இப்போது அளக்க நிலமில்லாததால் முருங்கைக்காயை அளக்கிறார். அவர் கிழிசல்களின் உயரத்தை ஒவ்வொன்றாக அளந்து நோட்டில் குறிக்கிறார்: நாலேகால் அடி. ‘திருடன் நாலேகால் அடி உயரம்’ என்று தீர்ப்பு. தெருவில் அந்த உயரத்தில் இருப்பது, ‘நான்’ என்று கதை சொல்லும் பிள்ளைதான்! நடுவில் வரும் நான்கு அத்தியாயங்களுக்கு இந்தச் சந்தேகம் தாங்கும். அளவு சரி, முடிவுதான் தப்பு. கடைசியில் ஆடு எழுந்து நிற்கும்போது அதே டேப் அதே அளவைக் காட்டினால், தாத்தாவின் மானமும் தப்பும்.

ஒரு ஆளுக்கு ஒரு கிறுக்குப் போதும். டேப்போடு சேர்த்து ஏழு குடை, பேசும் கடிகாரம், பச்சை வேட்டி என்று அடுக்கினால் எதுவும் மனதில் நிற்காது. அந்த ஒரு கிறுக்கு முதலில் வம்பை இழுக்க வேண்டும், பிறகு அதே வம்பைத் தீர்க்க வேண்டும். அவர் கண்ணுக்கு அது கிறுக்காகவே தெரியக் கூடாது. திக்குவாய், நொண்டல், பருமன், வறுமை இவற்றைக் கேலிப்பொருளாக எடுத்தால் கதை அப்போதே கெட்டது. படிக்கிற பிள்ளையின் வீட்டிலேயே அப்படி ஒருவர் இருப்பார்.

கிறுக்குக்கும் தர்க்கம் இருக்க வேண்டும் என்பதற்கு நல்ல பாடம், 1938-இல் அமெரிக்காவில் வெளிவந்த ‘மிஸ்டர் பாப்பர்ஸ் பெங்குயின்ஸ்’. எழுதியவர்கள் ரிச்சர்ட், ஃப்ளாரன்ஸ் அட்வாட்டர் தம்பதி. வீட்டுக்குப் பெயின்ட் அடிக்கும் தொழிலாளி ஒருவருக்கு அன்டார்டிகா போன ஆய்வாளர் ஒரு பெங்குயினை அனுப்பிவைக்கிறார். எங்கே வைப்பது? குளிர்சாதனப் பெட்டியில். மூச்சு விட? கதவில் துளை. உள்ளேயிருந்து வெளியே வர? உள்பக்கம் ஒரு கைப்பிடி. ஒரு பொய்யை மட்டும் நம்பச் சொல்லிவிட்டு, மற்றதையெல்லாம் மெக்கானிக் வேலைபோலச் சொல்கிறார்கள். தனிமையில் வாடும் பெங்குயினுக்குத் துணையாக இன்னொன்று வருகிறது, பத்துக் குஞ்சு பொரிக்கிறது, பன்னிரண்டையும் வைத்துக் காப்பாற்றக் காசில்லை, ஆகவே மேடையேற்றுகிறார்கள். ஒவ்வொரு தீர்வும் அடுத்த சிக்கலைப் பெற்றுப்போடுகிறது. நம் கதைகளில் பெரும்பாலும் விட்டுப்போவது அந்தக் காசுக் கணக்குதான். தெருவில் யார் பிராணி வளர்த்தாலும் தீனிச் செலவு பற்றிப் பேச்சு வராமல் இருக்குமா?

பிராணிகளே கதைக்கு நாள்காட்டியும் தரும். கோழி முட்டை பொரிய 21 நாள். அடைக்கோழிக்கு அடியில் யாரோ வாத்து முட்டையை வைத்துவிட்டால் 28 நாள். 21-ஆம் நாள் தெருவே கூடி நிற்கிறது, ஒன்றும் நடக்கவில்லை. ஆளுக்கொரு யோசனை சொல்லும் அந்த ஏழு நாள், மூன்று அத்தியாயம். பிறகு குஞ்சுகள் குட்டையில் இறங்க, கரையில் நின்று கோழி பதறும். காக்கைக் கூட்டில் குயில் முட்டையிடுவதை எடுத்துக்கொண்டால், அதைவிடத் துணிச்சலான பக்கத்து வீட்டுக்காரர் கிடைக்கமாட்டார்.

பிராணி பேசுமா பேசாதா என்பதை முதல் பக்கத்திலேயே முடிவு செய்துவிடுங்கள். நான்காம் அத்தியாயத்தில் திடீரென்று வாய் திறந்தால் பிள்ளைகள் விடமாட்டார்கள்: ‘முதல்லயே பேசியிருக்கலாமே?’ நம் ஊர்ப் பச்சைக்கிளியையும் நட்சத்திர ஆமையையும் வீட்டுப் பிராணியாகக் காட்ட வேண்டாம். வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம், 1972-இன்படி அவற்றை வளர்ப்பது குற்றம். நாய்க்குச் சாக்லேட் ஊட்டும் நகைச்சுவையும் வேண்டாம், அது நாய்க்கு விஷம்.

பக்கக் கணக்குக்கு வருவோம். ஃபாரம் என்பது ஒன்றாக அச்சாகும் பக்கங்களின் தொகுதி; அச்சில் ஒரு ஃபாரம் 16 பக்கம். நான்கு ஃபாரத்துக்கு 64. தலைப்பு, பதிப்பு விவரம், தெருப்படம் (கதை நடக்கும் தெருவின் வரைபடம்) ஆகியவற்றுக்கு 4 பக்கம் போனால் மிச்சம் 60. அத்தியாயத்துக்கு 6 வீதம் பத்து அத்தியாயம். ஆறில் இரண்டு பக்க இடம் படத்துக்கு. டெம்மி என்ற புத்தக அளவில் 14 பாயின்ட் எழுத்தில் பக்கத்துக்குச் சுமார் 140 சொல் கொள்ளும். ஆக அத்தியாயத்துக்கு 550 சொல். அதைத் தாண்டி எழுதினால் ஐந்தாவது ஃபாரம் ஏறும், விலையும் ஏறும். தெருப்படத்தை எழுதத் தொடங்கும் முன்பே வரைந்துவிடுங்கள். இல்லையென்றால் எதிர்வீடு ஐந்தாம் அத்தியாயத்தில் பக்கத்து வீடாகிவிடும்.

சிரிப்பு வரும் வரி, பக்கத்தைப் புரட்டிய பிறகு கண்ணில் பட வேண்டும். கேள்வி வலது பக்கத்தின் கடைசியில், விடை மறுபக்கத்தில். படம் முந்திக்கொண்டு உடைத்துவிடும் ஆபத்தும் உண்டு. ‘ஆடு எங்கே போனது என்று யாருக்கும் தெரியவில்லை’ என்ற வரிக்கு எதிரே தாத்தாவின் முதுகுக்குப் பின்னால் ஒரு வால் மட்டும் தெரியட்டும். முழு ஆட்டை வரைந்தால் தீர்ந்தது. டிடிபியில் (கணினியில் பக்கம் அமைக்கும் வேலையில்) ஒரு பத்தியைத் திருத்தினாலும் வரிகள் நகர்ந்து இந்த ஏற்பாடு குலையும். ஆகவே கடைசி மெய்ப்பில் (பிழை பார்க்க எடுக்கும் படியில்) பக்கம் பக்கமாகப் புரட்டிப் பார்க்க வேண்டும்.

வரிகளை இருபுறமும் சமமாக நிரப்பி அடுக்கச் சொல்லாதீர்கள். பெரிய எழுத்தில் ஒரு வரிக்கு ஐந்து சொல்தான் வரும். ‘கிழித்துக்கொண்டிருந்தது’ போன்ற சொல் அடுத்த வரிக்கு இறங்கினால், மேல்வரியில் பல்விழுந்த இடைவெளிதான். இடப்பக்கம் மட்டும் சீராக இருக்கட்டும். வாக்கியத்துக்கு எட்டுச் சொல்லுக்குள் நிறுத்தினால் நல்லது. கதை சொல்வது எளிய எழுத்துத் தமிழிலும், பாத்திரங்கள் பேசுவது பேச்சுத் தமிழிலும் இருக்கலாம். ‘என்ன பண்றீங்க தாத்தா?’ என்பதைப் பிள்ளை தடங்கலில்லாமல் படித்துவிடும். ‘வந்துக்கிட்டிருக்காய்ங்க’ என்று வட்டார வழக்கை அப்படியே எழுத்தில் கொட்டினால், எழுத்துக் கூட்டிப் படிக்கும் பிள்ளை அங்கேயே உட்கார்ந்துவிடும்.

அச்சுக்குப் போகும் முன் எட்டு வயதுப் பிள்ளை ஒன்றிடம் கொடுத்து வாய்விட்டுப் படிக்கச் சொல்லுங்கள். நீங்கள் படித்துக் காட்டினால் உங்கள் நடிப்புக்குத்தான் சிரிக்கும். திணறும் இடத்தில் ஒரு கோடு, சிரிக்கும் இடத்தில் ஒரு புள்ளி. பக்கத்தில் நிற்கும் பெரியவர் மட்டும் சிரித்த வரிகளை முதலில் வெட்டுங்கள். பெரும்பாலும் அரசியலும் சினிமாவும்தான் அங்கே இருக்கும்.