அப்பாவின் சட்டைப்பை

ஜூன் 9, குளச்சல்

விடிந்ததிலிருந்து மழை. அப்பாவின் நெஞ்சில் இடது பக்கம் பேஸ்மேக்கர் வைத்திருக்கிறார்கள், இதயத்துடிப்பைச் சீராக்கும் சின்னப் பெட்டி. இடது கையைத் தோளுக்கு மேல் தூக்கக் கூடாது என்று படித்துப் படித்துச் சொல்லியாயிற்று. பரண் மேல் இருந்த குடையை எடுக்கப் போகிறார்.

ஜூன் 10

அண்ணன் துபாயிலிருந்து கொடுத்துவிட்ட ஐபோனில் சார்ஜ் போடும் துளை உப்புக்காற்றில் பச்சை பிடித்துவிட்டது. கடைக்காரர் வயர்லெஸ் தட்டு ஒன்றைத் தந்தார். செல்லைக் கொண்டுபோனாலே காந்தம் டப்பென்று இழுத்துக்கொள்கிறது. அப்பாவுக்கு ஒரே சந்தோஷம். தலைமாட்டிலேயே வைத்துக்கொண்டார்.

ஜூன் 11

தலைமாட்டில்!

ஆப்பிள்காரர்களே சொல்லியிருக்கிறார்கள்: செல்லுக்கும் பேஸ்மேக்கருக்கும் நடுவே 15 செ.மீ.க்கு மேல் இருக்க வேண்டும், வயர்லெஸ்ஸில் சார்ஜ் ஏறும்போது 30 செ.மீ.க்கு மேல். டிஸ்சார்ஜ் தாளில் மாத்திரை, உப்பு, தையல் எல்லாம் இருக்கிறது. செல்லைப் பற்றி ஒரு வரி இல்லை. யார் படிப்பார்கள் என்று விட்டுவிட்டார்களா?

ஜூன் 12

சட்டைப்பை. அதுவும் இடது பக்கம்.

ஜூன் 14, ராத்திரி

தூக்கம் வரவில்லை. தட்டுக்குள் செம்புக்கம்பிச் சுருள் ஒன்று, செல்லுக்குள் இன்னொன்று. அதில் ஓடும் கரண்ட் மாறி மாறிக் காந்தப்புலத்தை எழுப்ப, இதில் கரண்ட் பிறக்கிறது. ஃபாரடே 1831இல் கண்டுபிடித்ததுதான். கொஞ்சம் விலகினாலே ஏறாது, அது ஒரு ஆறுதல். ஆனால் காந்தம்? பேஸ்மேக்கரைச் சோதிக்க டாக்டர்களே நெஞ்சின் மேல் காந்தம் வைப்பார்களாம். வைத்ததும் அது இதயத்தைக் கவனிப்பதை நிறுத்திவிட்டு ஒரே வேகத்தில் அடிக்க ஆரம்பிக்கும். எடுத்தால் பழையபடி ஆகிவிடும். சரி, தூக்கத்தில் யார் எடுப்பது?

தேடப்போய் இன்னொன்று கிடைத்தது. 1958இல் ஸ்டாக்ஹோமில் அர்னே லார்சன் என்பவருக்குத்தான் முதன்முதலாக உடம்புக்குள் பேஸ்மேக்கர் வைத்தார்கள். அதன் பேட்டரிக்கு வெளியே இருந்து, தோல் வழியாக, இதே சுருள் முறையில்தான் சார்ஜ்! சில மணி நேரத்திலேயே அது நின்றுபோனது. மாற்றி மாற்றி 26 பேஸ்மேக்கர் வைத்துக்கொண்டு 2001 வரை இருந்திருக்கிறார் மனுஷர்.

ஜூன் 15

சொன்னேன். “அப்போ எனக்கும் ஒரு தட்டு தந்தா ராத்திரி நெஞ்சில வச்சுட்டுக் கிடப்பேனே மக்களே” என்கிறார். இப்போது உள்ளதெல்லாம் லித்தியம், சார்ஜ் ஏற்றுகிற வேலை இல்லை, தீர்ந்தால் பெட்டியையே மாற்றுவார்கள் என்றேன். எத்தனை வருஷம் ஓடும் என்று கேட்டார். பத்து வருஷம் ஓடலாம் என்றேன். விரல் விட்டு எண்ணினார். பிறகு பேசவில்லை.

ஜூன் 16

மழை. படகெல்லாம் கரையில். மீன் இல்லை.

ஜூன் 17

அம்மா கட்டிலிலிருந்து சாண் சாணாக அளந்து, போதாதென்று தட்டைக் கொண்டுபோய் அடுக்களை ஜன்னலில் வைத்துவிட்டாள். சட்டைப்பையின் வாயையும் தைத்தாயிற்று.

ராத்திரி அண்ணன் கூப்பிட்டான். மணி அடுக்களையில் அடிக்கிறது, அப்பா இருட்டில் எழுந்து ஓடுகிறார். வாசற்படி தடுக்கி, இடது கையைத்தான் ஊன்றப் பார்த்தார். நான் பிடித்துக்கொண்டேன். இனி பதினொரு மணிக்கு மேல் கூப்பிடாதே என்று அண்ணனிடம் சொல்ல வேண்டும். அவனுக்கு டியூட்டி முடிவதே அப்போதுதான்.